கழிக்க வேண்டிய எண்

பஞ்சை மருந்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு, மனைவியின் மேலுதட்டை இடது கையால் மெல்லத் தூக்கிப் பிடித்தார் பல்காரர். கடைவாயில் ஆரம்பித்தார். ஒவ்வொரு பல்லுக்கும் ஈறோடு சேரும் இடத்தில் ஒரு சுற்று, பிறகு கன்னத்தின் உட்புறம், கடைசியில் நாக்கு. நாக்கு காய்ந்து மரப்பட்டை மாதிரி கிடந்தது. அதைத் தொடும்போது மட்டும் அவர் விரல் கொஞ்சம் தயங்கியது.

"நாங்க பண்ணினாக்கூட இவ்வளவு சுத்தமா பண்ண மாட்டோம்," என்றாள் மருந்துப் பையை மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ்.

"என் பொழப்பே வாய்தாம்மா. ஆனா எல்லாம் அச்சுல எடுத்து அனுப்பின வாய். மாவுல செஞ்சது. உசுரோட இருக்கற வாய்ல கை வெக்கறது இப்பத்தான்."

அவர் பல் செட் செய்கிறவர். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, மெழுகில் பல்லை நட்டு, கடி சரியாக விழுகிறதா என்று பார்த்து, தேய்த்துப் பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவார். தெருவில் அவருக்குப் பெயரே பல்காரர்தான். மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஆய்வுக்கூடத்தில் பெரிய வேலையில் இருந்த அவள், வீட்டுக்கு யாராவது வந்தால், "இவர்தான் பல்காரர். நான் சொல்றதக் கேட்டுப் பல்லக் கடிக்கிறவர்," என்று அறிமுகப்படுத்துவாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

நர்ஸ் போகும்போது கதவருகே நின்றாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. போறதுக்கு முன்னால சில பேருக்கு ஒரு தெளிவு வரும். கொஞ்ச நேரம்தான் இருக்கும். பேசணும்னு ஏதாவது இருந்தா பக்கத்துலயே இருங்க. அப்புறம் அது வராது."

பேச வேண்டியது இருந்தது. ஒரே ஒரு கேள்வி. நோய் என்னவென்று தெரிந்த நாளிலிருந்து அது அவர் நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்தது. முதன்முதலாக வயிறு வலிக்கிறது என்று அவள் சொன்னதற்கும், டாக்டரிடம் போனதற்கும் இடையில் ஆறேழு மாதம் ஓடிவிட்டது. "ரன் முடியட்டும், ரன் முடியட்டும்" என்று தள்ளிப்போட்டாள். இயந்திரம் கிடைக்கும் நாட்களைத்தான் அவர்கள் ரன் என்பார்கள். இரண்டு தடவை தேதி மாறியது. முடிந்து வந்து காட்டியபோது, "இன்னும் கொஞ்சம் முன்னால வந்திருக்கலாம்," என்று டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவள் தெரிந்தேதான் தள்ளிப்போட்டாளா, இல்லை வெறும் அசட்டையா? அவருக்கு இது தெரிய வேண்டும். தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் தெரியாமல் மீதி நாளை எப்படி ஓட்டுவது? மருந்து ஏற்றிக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவளிடம் இதைக் கேட்க அவருக்கு மனசு வரவில்லை. சரி, நாளைக்கு, என்று அவரும்தான் தள்ளிக்கொண்டே வந்துவிட்டார்.

அவளுடைய தங்கை வாசல் பக்கம் தலையை நீட்டினாள். "அத்தான், உங்களப் பாக்க அந்த அவசரம் வந்திருக்கு. உள்ள வரமாட்டேங்குது. ஏதோ பரீட்சைல பெயிலான மாதிரி வெளிய நிக்குது. நான் அக்காகிட்ட இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க."

அவசரம் என்பது மனைவியோடு வேலை செய்யும் பையன். பையன் என்ன, நாற்பதை நெருங்குகிறவன்தான். எதையும் ஓட்டமாகச் செய்வதால் அவள் வைத்த பெயர் அது. அவளை அக்கா என்பான், இவரை மாமா என்பான். கழுத்தில் ஆய்வுக்கூட அட்டை தொங்க, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

"அக்கா எப்படி இருக்காங்க மாமா?"

"தூங்கறா."

"ஏதாவது பேசினாங்களா?"

"நேத்து தண்ணி கேட்டா. சொல்லுடா, நீ சும்மா நிக்கற ஆளு இல்லயே. என்ன வேணும்?"

அவன் அட்டையின் கயிற்றை விரலில் சுற்றினான், பிரித்தான்.

"அக்காவோட நம்பர்."

"எந்த நம்பர்? போன் நம்பரா?"

"இல்ல மாமா..." என்று ஆரம்பித்தவன், அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லி முடித்தான்.

அவர்களுடைய வேலை என்னவென்று பல்காரருக்கு ஓரளவு தெரியும். அணுவின் நடுவில் இருக்கும் கருவை எடை போடுவது. அதுவும் சாதாரணக் கரு இல்லை. இயற்கையில் கிடைக்காத, இயந்திரத்தில் மோதவைத்துச் செய்த கரு. கண்ணைச் சிமிட்டி முடிப்பதற்குள் சிதைந்துபோகிறது. அதைப் பிடித்து, பீரோ அளவு காந்தத்துக்குள் விட்டால் சுற்றிச்சுற்றி வரும். கனமானது மெதுவாகச் சுற்றும், லேசானது வேகமாகச் சுற்றும். சுற்றும் வேகத்தைப் பார்த்து எடையைச் சொல்வார்கள். "பத்து டன் மணல் லாரிய எடை போடணும் பல்காரரே. போட்டுட்டு, அதுமேல தேனீ உக்காந்திருக்கா இல்லையானும் சொல்லணும்," என்பாள் அவள்.

அந்தக் கருக்களில் சில இரண்டு நிலையில் இருக்கும். ஒன்று அடங்கிய நிலை. இன்னொன்று, உள்ளே கொஞ்சம் சக்தியை வைத்துக்கொண்டு அடங்காமல் இருப்பது. வீடெல்லாம் விளக்கணைத்துப் படுத்த பிறகும் முழித்துக்கொண்டிருக்கும் குழந்தை மாதிரி என்பாள். உள்ளே இருக்கும் சக்தியால் அது ஒரு இம்மி கூடுதலாகக் கனக்கும். எடை போடுகிறவர்கள் அடங்கியதென்று நினைத்து அடங்காததைப் போட்டுவிட்டால் போச்சு. முன்னால் ஒரு கூட்டம் அப்படித் தப்பாகப் போட்டுவிட்டது என்று இவர்கள் சந்தேகப்பட்டார்கள். அதை நிரூபிக்கத்தான் கடைசி ரன்.

நிரூபிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் கை தானாக அந்தப் பக்கம் சாயும். கணக்குப் போடும்போது, பிடித்த விடை வந்ததும் நிறுத்திவிடுவோம். பிடிக்காத விடை வந்தால் எங்கே தப்பு என்று தேடுவோம். மனுஷ புத்தி அப்படி. அதற்காக அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். கணக்குப் போடாத ஒருத்தர், மனசுக்குள் ஒரு எண்ணை நினைத்து அதை இயந்திரத்துக்குச் சொல்லிவிடுவார். இயந்திரம் அந்த எண்ணைக் கூட்டியே எல்லாவற்றையும் பதியும், பதிந்ததும் எண்ணை மறந்துவிடும். மற்றவர்கள் குருடர்கள் மாதிரி கணக்குப் போட்டு முடித்து, இனி ஒரு புள்ளியையும் மாற்றமாட்டோம் என்று பூட்டிய பிறகுதான் எண் வெளியே வரும். கழித்தால் உண்மை.

அந்த எண்ணை வைத்திருந்தது அவள்.

"எங்கயும் எழுதி வெக்கலயா?"

"எழுதினா யாராவது பாத்துடுவீங்கனு சொல்லிட்டாங்க மாமா. எல்லாரும் சிரிச்சோம். அக்காவுக்கு இருக்கற ஞாபகத்துக்கு... அம்பத்தோரு வயசு. யாரு நெனச்சா?"

"உடம்பு சரியில்லனு தெரிஞ்சப்பவாவது கேட்டிருக்கலாமில்ல?"

"எப்படி மாமா கேக்கறது?" அவன் குரல் உடைந்தது. "கேட்டா, நீங்க திரும்பி வரப்போறதில்லனு நாங்க முடிவு பண்ணிட்ட மாதிரி ஆயிடாதா? ஒவ்வொருத்தரா வந்தோம். ஆரஞ்சு வாங்கிட்டு வந்தோம். வெளிய போய் நீ கேட்டியா, நீ கேட்டியானு ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கிட்டோம். வேற வழியே இல்ல. அந்தக் கருவச் செஞ்சு குடுத்த மிஷினப் பிரிச்சுப் போட்டுட்டாங்க. மறுபடி செய்ய முடியாது. நம்பர் இல்லனா அத்தனையும் குப்பை."

"எந்த ரன்னு அது?"

அவன் தரையைப் பார்த்தான். சொல்ல வேண்டியதில்லை. அவள் இருந்த கடைசி ரன் ஒன்றுதான்.

பல்காரருக்குக் காது மடல்கள் சுட்டன. "நீ போடா," என்றார். "நான் கேக்க மாட்டேன். அவளுக்குத் தெளிவு வந்தா எனக்குக் கேக்க வேண்டியது இருக்கு."

"சரி மாமா," என்றான். போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தான்.

உள்ளே வந்து, மச்சினியை டீ குடித்துவிட்டு வரச்சொல்லி அனுப்பினார். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு ஆள் ஏணியில் நின்று குழல்விளக்கை மாற்றிக்கொண்டிருந்தான். அவனையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அவள் கண் திறந்தது உடனே தெரியவில்லை.

"வாயெல்லாம் புதினா நாறுது," என்றாள்.

குரல் மெலிந்திருந்தது. ஆனால் அவள் குரல்தான். வாரக்கணக்கில் கேட்காத, வீட்டில் கேட்கிற குரல்.

"மருந்துத் தண்ணி. நாந்தான் துடைச்சேன்."

"எத்தன பல்லு இருக்கு? எண்ணிட்டீங்களா? அப்புறம் யாராவது திருடிட்டுப் போயிடப் போறாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. விழுங்கினார். இப்போது கேட்க வேண்டும். இதுதான் அந்த நேரம்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்மா."

"வெளிய அவன் குரல் கேட்டுதே. அவசரம். நம்பருக்கா வந்தான்?"

அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"பாவம்ங்க. எத்தன தடவ வந்தாங்க! ஒவ்வொருத்தரும் கேக்க வாயத் தொறக்கறதும் மூடறதும். மீன்தொட்டி மாதிரி. ஆரஞ்சா வாங்கிக் குவிச்சாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நானும் யாராவது கேட்டுட மாட்டாங்களானு பாத்தேன். நானா சொன்னா, நான் போறேன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடுமே. அதுக்குத்தான்... கணக்க முடிச்சுட்டாங்களாமா?"

முடித்துவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவசரத்தை உள்ளே கூப்பிட்டு அவன் காதில் சொல்லிவிட்டு, மீதி நேரத்தை அவருக்குக் கொடுத்திருப்பாள். ஆனால் அவளிடம் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"இன்னும் இல்லபோல."

"அப்ப அவன்கிட்ட சொல்லக் கூடாது. நீங்க வெச்சுக்குங்க. பூட்டிட்டோம்னு சொன்னாத்தான் குடுக்கணும். கெஞ்சுவான். இளகிடாதீங்க."

"இரு, எழுதிக்கறேன்."

"வேண்டாம். எழுதினா உங்க சட்டைப்பைய மோந்தே கண்டுபிடிச்சிடுவான். கிட்ட வாங்க."

குனிந்தார். சொன்னாள். முதலில் கொஞ்சம், பிறகு புள்ளி, புள்ளிக்குப் பிறகு கொஞ்சம். நடுவில் ஒரே இலக்கம் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தது.

"திருப்பிச் சொல்லுங்க."

சொன்னார்.

"இது வேற யாரோட நம்பரோ," என்றாள். மறுபடி சொன்னாள். மறுபடி அவர் சொன்னார். இந்தத் தடவை இரட்டை இலக்கம் ஒற்றையாகிப்போனது. மூன்றாவது தடவை சொல்லும்போது அவர் கையைப் பிடித்து, இலக்கத்துக்கு ஒரு அழுத்தமாக அழுத்திக்கொண்டே சொன்னாள். அவர் சரியாகத் திருப்பிச் சொன்னார்.

"கழிக்கணும். அந்த அவசரம் கூட்டித் தொலைக்கப் போகுது. கழிக்கணும்னு சேத்து சொல்லுங்க."

"கழிக்கணும்."

"ம்." கண்ணை மூடினாள். மூடியபடியே, "நீங்க ஏதோ கேக்கணும்னீங்களே," என்றாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு வேலையை முடித்துக் கையைக் கழுவியவளின் முகம். நாக்கு நுனியில் எண் இருந்தது. அதற்குப் பின்னால் கேள்வி இருந்தது.

"வலிக்குதானு கேக்க வந்தேன்."

"இல்ல."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மச்சினி டீ குடித்துவிட்டு வந்து, அக்காவின் காலைத் தொட்டுப் பார்த்து, "என்ன அத்தான் இப்படி ஜில்லுனு இருக்கு?" என்றாள். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. வெளியே விளக்கு மாற்றிய ஆள் ஏணியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

ஒருத்தர் செத்துப்போனால் எத்தனை எண் கேட்கிறார்கள்! அன்றைக்குத்தான் பல்காரருக்கு அது தெரிந்தது. வயது என்ன? அறை எண் என்ன? வீட்டுக் கதவு எண்? உங்கள் அடையாள அட்டை எண்ணைச் சொல்லுங்கள். வண்டிக்காரன் போன் நம்பர் கேட்டான். எந்த எண்ணைச் சொன்னாலும் அது உள்ளே போய் அவள் கொடுத்த எண்ணை இடித்துத் தள்ளியது. ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு திரும்பி நின்று அவளுடையதை ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். தன் போன் நம்பரைக் கேட்டவனுக்குப் பாதியில் அவளுடைய இலக்கங்கள் வந்துவிட, சட்டென்று நிறுத்தி, "என் மச்சினியைக் கேளுங்க," என்று நகர்ந்துவிட்டார்.

எழுதிவிடலாம்தான். எழுதாதே என்று அவள் கடைசியாகச் சொன்னதை மீறுவது எப்படி?

மறுநாள் மின்தகன மேடையில் கூட்டம் இருந்தது. இவர்களுக்கு முன்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். டோக்கன் கொடுத்தார்கள். மச்சினி அதை அவரிடம் நீட்டியபோது, "அதை என்கிட்ட காட்டாத," என்றார்.

"ஏன் அத்தான்?"

"நீயே வெச்சுக்கோ."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. "அத்தான், நேத்துலேர்ந்து பாக்கறேன். யாராவது கட்டிப்புடிச்சு அழுதாக்கூட மரம் மாதிரி நிக்கறீங்க. உதடு மட்டும் ஆடிக்கிட்டே இருக்கு. என்ன சொல்லிக்கறீங்க? சத்தமா அழுதுடுங்களேன். எனக்கு பயமா இருக்கு."

"அழுதா மறந்துடும்மா."

"எது மறந்துடும்?"

அவர் தலையை ஆட்டினார். அவளுக்குப் புரியவில்லை. அக்காவைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள் போல. அவர் தோளில் முகம் வைத்து மறுபடி அழ ஆரம்பித்தாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். தடவுகிற கை இலக்கத்துக்கு ஒரு தடவை அழுத்தியது.

ஆய்வுக்கூடத்திலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். தூரத்து மரத்தடியில் நின்று இவரைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தார்கள். கடைசியில் அவசரம்தான் வந்தான். மச்சினி எழுந்து கொஞ்சம் தள்ளிப் போனாள்.

"மாமா..." என்றான்.

"பூட்டிட்டீங்களா?" என்று கேட்டார் பல்காரர்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண்கள் விரிந்தன. அந்தச் சந்தோஷத்துக்கு உடனே வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டான். விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது.

"சொன்னாங்களா? அந்த நெலமையில... மாமா, அக்கா மாதிரி யாருமே கிடையாது மாமா. அந்த ரன்ல மூணாவது நாளே வலி தாங்காம கன்ட்ரோல் ரூம் தரையில படுத்துட்டாங்க. நான் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணப் போனேன். கையத் தட்டிவிட்டுட்டாங்க. ஏற்கெனவே ஸ்கேன் எடுத்தாச்சு, கட்டினு சொல்லிட்டாங்க, ஆபரேஷன மூணு வாரம் தள்ளிப்போட்டா ஒண்ணும் ஆயிடாது, மிஷின் திரும்ப கிடைக்காதுனு..." அவன் மூக்கை உறிஞ்சினான். "வீட்ல மட்டும் சொல்லிடாதீங்க, அவர் பல்லக் கடிச்சுக்கிட்டே உக்காந்திருவார்னாங்க. நாலு பேரும் சத்தியம் பண்ணினோம்."

சொல்லிவிட்டுத்தான் அவனுக்கு உறைத்தது. கையை இறக்கினான்.

"நாலு பேருக்கும் தெரியும்," என்றார் பல்காரர்.

"மாமா... நான் நெனச்சேன், அப்புறமாவது உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கனு..."

உள்ளே இரும்புக் கதவு ஒன்று திறந்து மூடியது. ஒலிபெருக்கியில் ஒரு எண் கூப்பிட்டார்கள். மச்சினி டோக்கனைப் பார்த்துவிட்டு, "அத்தான், நம்மளது," என்றாள்.

எழுந்து நடந்தார். மேடையில் அவளை வைத்துத் தள்ளும்போது, எல்லோரும் ஏதேதோ சொல்லிக் கதறினார்கள். அவருக்கும் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்தால் வந்தது அந்த எண்தான். அதையே சொன்னார். சுற்றியிருந்த சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அதற்கடுத்த நாள் காலையில் நான்கு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு ராத்திரியாகத் தூங்காத முகங்கள். முன்னறையில், வேலை மேசைக்கு எதிரே, இருந்த நாற்காலிகளில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மச்சினி டீ போட்டுக் கொடுத்துவிட்டு, குளிக்கப் போனாள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"பூட்டிட்டோம் மாமா," என்றான் அவசரம். "இனி நாங்களே நெனச்சாலும் மாத்த முடியாது."

பல்காரர் தலையசைத்தார். முந்தைய நாள் தகன மேடையிலிருந்து திரும்பியது முதல் அவர் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு இலக்கத்தை மாற்றிச் சொன்னால் யாருக்குத் தெரியும்? இரட்டையாக வருவதை ஒற்றையாகச் சொன்னால் போதும். ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாது. எதற்காக அவள் தரையில் படுத்துக்கொண்டு வலியைக் கடித்தாளோ, இந்த நான்கு பேரும் எதற்காக வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்களோ, அது காலத்துக்கும் தப்பாகவே நிற்கும். பெரிய புத்தகங்களில் ஏறும். அடுத்தவர்கள் அதை நம்புவார்கள். அந்த நினைப்பு அவருக்கு இனித்தது. நல்ல மனுஷர்தான், இருந்தும் இனித்தது. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அந்தத் தப்பான எண்ணைக்கூட ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

நான்கு பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி கையில் பேனாவோடு, உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவர் ஆரம்பித்தார். முதல் இலக்கங்கள் வந்தன. புள்ளி. இப்போது ஒற்றை என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டார். ஆனால் அந்த இடம் வந்ததும், கையில் அந்த அழுத்தம் வந்தது. மெலிந்த விரல்கள் ஒருமுறை அழுத்தின. விடாமல் இன்னொரு முறையும் அழுத்தின. நாக்கு இரண்டு தடவையும் சொல்லிவிட்டது.

மீதியும் தானாக வந்தது.

"கழிக்கணும்," என்றார். "கூட்டிடாதீங்க. கழிக்கணும்."

கண்ணாடிப் பெண் உள்ளங்கையைப் பார்க்காமலே எண்ணைத் திருப்பிச் சொன்னாள். முதல் தடவையிலேயே ஒரு பிசகில்லாமல் சொன்னாள். அது ஏனோ அவருக்குப் பொறுக்கவில்லை.

அவசரம் போனை எடுத்தான். "இங்கயே போட்டுப் பாத்துடலாம் மாமா. ஒரே ஒரு கழித்தல்தான். உங்க முன்னாடியே..."

"வேண்டாம். வெளிய போய்ப் போடுங்க."

"மாமா, விடை உங்களுக்கு..."

"போங்கன்னு சொன்னேன்ல."

எழுந்தார்கள். ஒவ்வொருத்தராக அவரிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். அவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஜன்னலோரம் நின்றார். தெருவில், காரின் முன்பக்கத்தில் போனை வைத்து, நான்கு தலைகளும் ஒன்றாகக் குனிந்திருந்தன. வெயில் நேராக விழ, அவசரம் கையைக் குவித்துத் திரையை மறைத்துப் பிடித்தான். பிறகு கண்ணாடிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தன் கார் சக்கரத்தின் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். அழுகிறானா, சிரிக்கிறானா என்று இங்கிருந்து தெரியவில்லை. அவசரம் நிமிர்ந்து வீட்டைப் பார்த்தான். மற்றவர்களிடம் ஏதோ கேட்டான். அவர்களும் வீட்டைப் பார்த்தார்கள்.

பிறகு அவன் வழக்கம்போல ஓட்டமாக வாசலைத் தாண்டி வருவது தெரிந்தது.

பல்காரர் ஜன்னலை விட்டு வந்தார். யாரும் குடிக்காத டீத் தம்ளர்களை இரண்டு கையிலும் சேர்த்து எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அழைப்பு மணி அடித்தது. தம்ளர்களைத் தொட்டிக்குள் வைத்தார். மறுபடி அடித்தது. குளியலறைக்குள்ளிருந்து மச்சினி, "அத்தான், யாரு பாருங்க!" என்று குரல் கொடுத்தாள்.

குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். தண்ணீர் தகரத் தொட்டியில் மணிச் சத்தத்தை அமுக்கும் பெரும் இரைச்சலோடு விழுந்து, தம்ளர்களில் மோதித் தெறித்து, அவர் சட்டையின் முன்பக்கத்தை நனைத்தது.